கூழ்வத்தல் பிழிந்த மாப்பிள்ளை

அன்று காலை நான் மொட்டை மாடியில் ஒரு பஸ் பிழிந்துகொண்டிருந்தேன்.

பஸ் என்றால் கூழ்வத்தலில் பஸ். அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து, முறுக்கு நாழியில் ஒற்றைக்கண் அச்சைப் போட்டு, கூழைச் சுடச்சுட நிரப்பி, நீளமாக ஒரு பெட்டி, அதில் ஐந்து ஜன்னல், கீழே இரண்டு சக்கரம். டிரைவருக்குத் தலை வைக்கும்போதுதான் ரோட்டுப் பக்கம் புளியமரம் முறிந்து விழுகிற சத்தம் கேட்டது. கை அதிர்ந்து, டிரைவருக்குக் கழுத்து கோணிக்கொண்டது.

போன வாரம் கிணற்றில் குதித்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்கள் ஊரில் எப்போதும் கோடை விடுமுறைதானா, கஷ்டமே கிடையாதா?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார். இருந்தது அம்மா, இருந்தது. ஆனால் எது கஷ்டம், எது சந்தோஷம் என்று அந்த வருஷம் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திருக்கோவிலூரிலிருந்து சங்கராபுரம் போகிற ரோட்டின் மேலேயே எங்கள் ஊர். மரத்தை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டால் பஸ் நின்றுவிடும். பஸ் நின்றால் சர்க்கார் திரும்பிப் பார்க்கும் என்றார்கள். என் அண்ணன் ஏழுமலை டிகிரி முடித்து மூன்று வருஷம் வேலை தேடி அலைந்துவிட்டு, பெங்களூரில் நாலு மாசம் இருந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வந்திருந்தான். வந்த மறுநாளே கோடாலியைத் தூக்கினான். “நம்ப படிச்சதுக்கு ஒரு மதிப்பு வேணும்ல?” என்பான். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் புளியமரம் என்ன பாவம் செய்தது என்று நான் கேட்டால் அடிக்க வருவான்.

“வட்டமாப் புழி!”

கூழ்வத்தல் எங்கள் வீட்டில் சித்திரையில் ஐந்து நாள் வேலை. பச்சரிசியை ஊறப்போட்டு அரைத்து, மாவைப் புளிக்கவிட்டு, விடியும் முன்னே அம்மா பெரிய அண்டாவில் ஜவ்வரிசியும் சேர்த்துக் கிண்டுவாள். பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்து ஊற்றும்போது தெரு முழுக்க மணக்கும். எலுமிச்சம்பழம் கடைசியில். கூழை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் சுடும், ஆனாலும் வைப்போம்.

அதைவிட ருசி சாயங்காலம். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் வத்தலை வேட்டியிலிருந்து உரித்துத் தின்பதற்கு ஈடாக நான் இதுவரை எதையும் சாப்பிட்டதில்லை. பல்லில் ஒட்டும். காய்வதற்குள் பாதி தீர்ந்துவிடும். “காக்காவுக்கு அப்புறம் நீதான்டி” என்பாள் அம்மா.

அம்மாவுக்கு வத்தல் வட்டமாக இருக்க வேண்டும். எனக்கு வட்டம் பிழிந்தால் கை தூங்கிவிடும். பத்து வயசிலேயே மீன் பிழிந்து அடி வாங்கினேன். பிறகு மயில், தேர், மாட்டு வண்டி, பக்கத்து வீட்டு அத்தையின் முகம். “எண்ணெயில போட்டா எல்லாம் ஒண்ணாத்தான் பொரியும். வட்டமாப் புழி!” என்று கத்துவாள். பொரிந்தால் ஒன்றாகத்தான் ஆகும், அது உண்மை. மயில் உப்பிப்போய் கோழியாகிவிடும். ஆனாலும் பொரிவதற்கு முன்னால் இரண்டு நாள் அது மயிலாக மாடியில் படுத்திருக்கிறதல்லவா? எனக்கு அது போதும்.

இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கோடையில் எனக்கிருந்த கவலையே இதுதான். போகிற வீட்டில் என் இஷ்டத்துக்குப் பிழிய விடுவார்களா?

சிரிக்காதீர்கள். பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் அப்போது வேறு என்ன இருந்தது, கேட்டு வாங்குவதற்கு?

பாதி தெரிந்த மாப்பிள்ளை

பதினைந்து நாளுக்கு முன்புதான் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை திருக்கோவிலூர்ப் பக்கம், ரைஸ் மில் வைத்திருக்கிற குடும்பம். தலை நிமிரக் கூடாது என்று அம்மா என் தொடையில் கிள்ளிச் சொல்லி அனுப்பினாள். நிமிரவில்லை. காபித் தம்ளரை நீட்டியபோது ஒரு கை வந்து வாங்கியது. மணிக்கட்டில் வாட்ச். வாட்ச்சின் முகம் உள்பக்கமாகத் திரும்பி, நாடித் துடிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. கீழே வேட்டிக் கரை, இரண்டு பாதம். என் மாப்பிள்ளையில் நான் பார்த்தது அவ்வளவுதான்.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அப்பா மட்டும், “புள்ள வாயால ஒரு வார்த்த வரட்டும்” என்றார். நல்ல மனுஷர். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லி அனுப்ப வேண்டும். முகமே தெரியாதவரைப் பற்றி என்ன சொல்வது? சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லக் காரணமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வத்தல் பிழிந்துகொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் திருக்கோவிலூரில் அப்பாவின் பங்காளி ஒருவர் தவறிப்போக, அப்பாவும் அம்மாவும் கிளம்பிப் போனார்கள். போன அன்றைக்கே ரோடு மறித்தாகிவிட்டது. இங்கே திறந்தால் அங்கே மரம் என்று மூன்று நாள் திரும்பி வர முடியவில்லை. வீட்டில் நானும் அண்ணனும். துணைக்குப் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை, அப்பாவின் அக்கா. அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆனால் அதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. “எனக்கா கண்ணு தெரியல? அதோ போறது கொக்குதான?” என்பார். போவது வெள்ளைச் சட்டை போட்ட வாத்தியாராக இருக்கும்.

“கைய வுடுடா ஏழுமலை!”

மரம் விழுந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்து மாட்டிக்கொண்டது. திருக்கோவிலூரிலிருந்து வந்த வண்டி. முன்னால் போக மரம். பின்னால் திரும்பிப் போகலாம் என்றால் அங்கேயும் பையன்கள் ஒரு வேம்பைச் சாய்த்துவிட்டார்கள். முப்பது நாற்பது பேர் இறங்கி நிழலைத் தேடினார்கள். மரத்தின் மேல் ஏறி நின்று இரண்டு குழந்தைகள் புளியம்பழம் பறித்துத் தின்றன. என்னைக் கேட்டால் அது ஒரு திருவிழா மாதிரிதான் இருந்தது.

ஊர்ப் பெண்கள் மோர் கரைத்துக்கொண்டு போனார்கள். நானும் மிச்சக் கூழை ஈரத் துணி போட்டு மூடிவிட்டு, அத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பானை மோரோடு போனேன். போராட்டம் பண்ணுவதும் எங்கள் ஊர்தான், தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதும் எங்கள் ஊர்தான். இதை அப்போது யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

அண்ணனும் அவன் கூட்டாளிகளும் இறங்கின ஆண்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எங்கே போகிறாய். போலீசுக்கு வேவு பார்க்க ஆள் வருகிறது என்று ஊரில் ஒரு பேச்சு. முந்தின நாள் பக்கத்து ஊரில் கல்வீச்சு. எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். அண்ணன் ஒருவருடைய சட்டையை மார்பில் கொத்தாகப் பிடித்திருந்தான். அதை விலக்கப் பார்த்த கையில் வாட்ச். வாட்ச்சின் முகம் உள்பக்கம்.

“எந்த ஊர்னு கேட்டா சொல்ல மாட்டியா?”

“திருக்கோவிலூருங்க.”

“திருக்கோவிலூர்ல எங்க? நீ இன்னா ஆளு?”

அவர் பதில் சொல்லவில்லை. இருபத்தைந்து வயசு இருக்கும். ஒல்லி. தோளில் ஒரு காக்கிப் பை. முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அத்தையின் காதில், “அத்த, அவரு தான? அன்னிக்கு வந்தவரு?” என்றேன்.

அத்தை நெற்றியில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எனக்குத் தெரியும், அந்தத் தூரத்தில் அத்தைக்குத் தெரிந்தது ஒரு நிழல்தான். ஆனால் தெரியவில்லை என்று சொன்னால் அஞ்சலை அத்தை ஆகிவிடுவாரா?

“அட ஆமா! நம்ப மாப்ளதான்! டேய் ஏழுமலை, கைய வுடுடா! நம்ப சாந்தியப் பாத்துட்டுப் போன மாப்ள மேலயா கைய வெச்ச, படுபாவி!”

அண்ணன் அப்போது பெங்களூரில் இருந்ததால் மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. சட்டையை விட்டுவிட்டு, கசங்கின இடத்தைத் தடவிக் கொடுத்தான். “ஐயய்யோ, மாப்ளயா நீங்க? சொல்லக் கூடாதா?”

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுற்றி நின்ற பையன்களையும் பார்த்தார். பிறகு மெல்ல, “ஆமாங்க” என்றார்.

நான் மோர் மொண்டு கொடுத்தேன். அவர் தம்ளரை வாங்காமல் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார். ஊற்றினேன். குனிந்து கையிலேயே குடித்தார்.

“பெரிய எடத்துப் புள்ள. எச்சப் பண்ணாம குடிக்குது பாரு” என்றார் அத்தை.

நாலு பேர் பார்க்கிற இடம்

மாப்பிள்ளையை ரோட்டில் நிற்க வைக்க முடியுமா? வீட்டுக்கு அழைத்து வந்தான் அண்ணன். ஆனால் கல்யாணம் பேசியிருக்கிற பெண் இருக்கும் வீட்டுக்குள் அவரை உட்கார வைப்பது எப்படி? அத்தைதான் தீர்ப்பு சொன்னார்: “மாடியில ஒக்காரட்டும். நாலு தெருவும் பாக்கற எடம். ஒருத்தன் வாய் பேச முடியாது. நான் கூட இருக்கறேன்.”

ஆக, மாடியில் கீற்றுப் பந்தல் நிழலில் அத்தை, அத்தைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அவர், வெயிலில் நான். “ரோடு தெறந்ததும் நானே கூட்டிக்கினு போயி ஏத்தி வுடறேன் மாப்ள, அதுவரைக்கும் எங்கியும் போவக் கூடாது” என்று சொல்லிவிட்டு அண்ணன் மறியலுக்குப் போனான். அத்தை பத்து நிமிஷத்தில் சுவரில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார்.

கூழ் இறுகிக்கொண்டு வந்தது. வெந்நீர் தெளித்துக் கிளறி, நாழியில் நிரப்பி, வேலையைத் தொடர்ந்தேன். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் கூழ் காத்திருக்காது.

“அது இன்னாங்க, பஸ்ஸா?” என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்காமலே பஸ் என்று கண்டுபிடித்த முதல் ஆள். அதைவிட அந்த ‘ங்க’. பத்தொன்பது வயசுப் பெண்ணை, தனக்குக் கட்டி வைக்கப் போகிற பெண்ணை, ஒரு ஆண் ‘ங்க’ போட்டுப் பேசி எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. அப்பா அம்மாவை ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவார்.

“பஸ்தான். டிரைவருக்கு மட்டும் கழுத்து சுளுக்கு” என்றேன்.

அவர் சிரித்த மாதிரி இருந்தது. உடனே ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். அடிக்கடி அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது. மலைக்குத்தான் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னார். ரைஸ் மில்காரர், சாமை வாங்கப் போகிறார்போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான் அவரை எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் என்னிடமே பதில் இருந்தது.

காக்கா ஓட்டக் குடையைக் கொடுத்தேன். ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் கை வலிக்கிறது என்று நாழியையும் நீட்டினேன். தயங்கினார். “நான் தொடலாமாங்க?” என்றார்.

“இதுக்குப் பட்டப் படிப்பா வேணும்? அமுக்குங்க, வரும்.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதலில் புழு மாதிரி ஒன்று விழுந்தது. இரண்டாவது தடவை கை நிதானப்பட்டது. மலையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். ஒரே இழுப்பில், அறுபடாமல், அந்த மலையின் மேடும் பள்ளமும் அப்படியே வேட்டியில் வந்து இறங்கியது. அதன் மேல் சின்னதாக ஒரு பறவை. நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரம் அவர் ரோட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தைரியம் வந்துவிட்டது எனக்கு. வெள்ளிக்கிழமைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே?

“உங்க வூட்ல கூழ்வத்தல் போடுவாங்களா?”

“போடுவாங்க.”

“வட்டமாத்தான் புழியணும்னு சொல்லுவாங்களா?”

“உங்க இஷ்டங்க.”

“உங்க அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“எங்கம்மா ஒண்ணும் சொல்லாதுங்க. பாவம்.”

“நான் தலை நிமிந்து பேசறேன்னு நெனைக்கிறீங்களா?”

“இல்லீங்க. நீங்க பேசுங்க.”

வாசகர்களே, இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்? எல்லாவற்றுக்கும் சரி. எல்லாவற்றுக்கும் ‘ங்க’. எனக்கு அந்தக் கொளுத்துகிற வெயில் குளிர்ந்தது. அந்தப் பகலைப்போல ஒரு பகல் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. கூழ் தீரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் மாடியிலேயே இலை போட்டேன். குனிந்த தலை நிமிராமல் கொஞ்சமாகச் சாப்பிட்டார். முடித்ததும் தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு கீழே போய்ப் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்தும் விட்டார். விருந்தாளி இலை எடுக்கலாமா? நான் பதறினேன். தூக்கம் கலைந்து எழுந்த அத்தையோ, “எட்டு ஊர் தேடினாலும் இந்த அடக்கம் கெடைக்காதுடி” என்றார்.

கை துடைத்தபடி அவர் என் பக்கம் திரும்பினார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க” என்றார்.

“சொல்லுங்க.”

அந்த நேரம் பார்த்து அண்ணன் படியேறி வந்தான். “மாப்ள, போலீஸ் வேன் வருதாம். மரத்த இழுத்துப் போட்டாச்சி. பஸ்ஸு கெளம்புது, வாங்க வாங்க.”

அவர் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் அரைகுறையாய்க் காய்ந்த வத்தல் கொஞ்சம் உரித்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். மாடியிலிருந்து பார்த்தேன். பஸ் படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

“எது அவன் புழிஞ்சது?”

மூன்றாம் நாள் அப்பாவும் அம்மாவும் பாதி வழி மாட்டு வண்டியும் பாதி வழி நடையுமாக வந்து சேர்ந்தார்கள். அம்மா கால் கழுவி முடிப்பதற்குள், “எனக்குச் சரிம்மா” என்றேன். அம்மா என் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினாள். அப்பா சிரித்துக்கொண்டே பையிலிருந்த வெற்றிலையை எடுத்தார்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. “சரி சொல்லாம இன்னா செய்வா? மாப்ளதான் நேர்ல வந்து, மாடியில ஒக்காந்து, வத்தலே புழிஞ்சி குடுத்துட்டுப் போனாரே!”

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். “மாப்ளயா? எப்ப?”

“நீங்க போன அன்னிக்கேதான், ரோடு மறிச்ச நாளு.”

“அவரு எங்ககூடத்தான அக்கா துக்க வூட்ல மாட்டிக்கினு இருந்தாரு? மூணு நாளா ஒரே பாயில படுத்துக்கினு இருந்தோம்.”

அத்தை, “எனக்கு நல்லாத் தெரிஞ்சிதே” என்று முனகினார். அண்ணன் முகம் கறுத்தது. “அப்ப அவன் யாரு? இன்னா ஆளுன்னு கேட்டப்ப வாய தெறக்கலயே அவன்!” என்றான். திடீரென்று அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. உள்ளங்கையில் மோர் குடித்தது, இலை எடுத்தது, இடத்தைத் துடைத்தது எல்லாவற்றையும் அத்தை பெருமையாகச் சொல்லியிருந்தாரே. அப்பா தரையைப் பார்த்தபடி, “எந்தத் தெருவுப் புள்ளயோ. போனவன் போயிட்டான், வுடு” என்றார்.

அண்ணன் விடவில்லை. வத்தல் டின்னை இழுத்து நடு வீட்டில் கவிழ்த்தான். பஸ், தேர், மயில், எல்லாம் கலகலவென்று கொட்டியது. “எது அவன் புழிஞ்சது? சொல்லு.”

அம்மாவும் என்னைப் பார்த்தாள். மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம், மலை என் கண் முன்னால்தான் கிடந்தது. பறவை ஒட்டிக்கொண்டே இருந்தது.

“எல்லாம் நான் புழிஞ்சதுதான். அவரு காக்காதான் ஓட்டினாரு” என்றேன்.

அம்மா யோசித்தாள். அவ்வளவு அரிசி, அவ்வளவு உழைப்பு. வாரி டின்னில் போட்டு மூடிவிட்டாள். அண்ணன் மட்டும் அந்த வருஷம் முழுக்க வத்தலைத் தொடவில்லை.

என் சரி என்ன ஆயிற்று என்கிறீர்களா? யாரிடம் எதைப் பார்த்துவிட்டு நான் சரி சொன்னேன் என்று ஒருவருமே கேட்கவில்லை. வெற்றிலை அப்பா கையில் இருந்தது. சொன்ன வார்த்தை சொன்னதுதான். ஆவணியில் கல்யாணம். மணையில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தேன். உருண்டை முகம், அடர்ந்த மீசை. அந்த முகத்தோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டேன், தங்கமான மனுஷர். என் மாமியார் மட்டும் முதல் கோடையிலேயே, “வட்டமாப் புழி” என்றார். பிழிந்தேன்.

என் பெண் கேட்டது

இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஒவ்வொரு கோடையிலும் சொல்லிச் சிரிப்போம். வத்தல் பொரிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், “உன் ஒரிஜினல் மாப்ள இருந்திருந்தா இன்னும் ஜாஸ்தி மொறுமொறுன்னு இருந்திருக்கும்” என்பார். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர்.

இந்த வருஷம் சென்னையிலிருந்து வந்திருந்த என் பெண் சிரிக்கவில்லை. “அந்த ஆளு எவ்ளோ பயந்து போயிருப்பாரும்மா” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயமா? அடக்கம், மரியாதை, வெட்கம் என்று நான் பேர் வைத்திருந்தது எல்லாம்? என்னோடு ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால், நான் போய் அண்ணனிடம் ஒரு சொல் சொன்னால், அவர் கதி என்ன? அதனால்தான் எல்லாவற்றுக்கும் சரியா? என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான பகல், ஒரு மனுஷர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பகலா? மலையைப் பிழிந்த கொஞ்ச நேரமாவது அவருக்கு நிஜமாகப் பிடித்திருந்ததா, இல்லை அதுவும் எனக்காகத்தானா? எனக்குத் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்.

“ஏம்மா, அவரு மாப்ள இல்லன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, மாமா கைய வுடச் சொல்லி இருப்பீங்களா?” என்று கேட்டாள் என் பெண்.

“இன்னாடி கேள்வி இது? சொல்லாம இருப்பனா?” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று அந்த வாட்ச் கட்டின கையைப் பார்ப்பதற்கு முன்னால், வயசான ஒருவரை அண்ணனும் பையன்களும் அதே மாதிரி மார்புச் சட்டையைப் பிடித்து, அதே கேள்வியைக் கேட்டு, விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பத்தடி தள்ளித்தான் அது நடந்தது. அவர் என்னைப் பார்த்து, “அம்மா” என்றார்.

நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.